பெங்களூரில் இருந்துகொண்டு குளிர்நாட்டு ட்ரையத்லானுக்குத் தயாராக முடியுமா?

முதலில் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், இடையில் வந்து படிக்கிறவர்களுக்கு உதவும். ட்ரையத்லான் என்றால் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து ஒரே மூச்சில் முடிக்கிற போட்டி. மர்ஃபி டவுனில் இருக்கும் ஒரு தம்பி, கோவா மாதிரி வெயில் போட்டிகளில் முன்னால் முடிப்பவர், வேலையை விட்டுவிட்டு முழுநேர வீரராகப் போகிறார். நார்வேயின் நார்ஸ்மேன், ஸ்காட்லாந்தின் செல்ட்மேன் மாதிரி குளிர் போட்டிகள்மேல் அவருக்கு ஒரு கண். பெங்களூரில் இருந்துகொண்டே அதற்குத் தயாராக முடியுமா, அதில் பிழைப்பு ஓடுமா, "தினம் ஐஸ் தண்ணியில உட்காரு, தானா பழகிடும்" என்று ஒரு சீனியர் சொல்கிறாரே அது சரியா, உதவியாளாக மச்சானை அழைத்துப் போகலாமா, இவ்வளவும் கேட்டிருக்கிறார்.

தயாராக முடியும். நான் அல்சூரில் இருந்துகொண்டு ட்ரையத்லான்காரர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன், குளிர் போட்டிகளில் நானே இறங்கியும் இருக்கிறேன், அடுத்தவருக்காகக் காரில் துண்டும் பிளாஸ்க்கும் வைத்துக்கொண்டு ரோட்டோரம் காத்துக் கிடந்தும் இருக்கிறேன். இரண்டு பக்கத்திலிருந்தும் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: ஆளைக் கவிழ்ப்பது பெரும்பாலும் தண்ணீரை விட்டு ஏறிய பிறகு வருகிற அரை மணி நேரம். அந்த அரை மணி நேரம் உங்கள் விரல்களின் கையில் இருக்கிறது. நெஞ்சுரம், மன உறுதி எல்லாம் அதற்குப் பிறகுதான். எல்லாரும் தண்ணீரின் டிகிரியை மட்டும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள், ஏறின பிறகு ஹெல்மெட் பக்கிளை எப்படிப் போடப்போகிறோம் என்று ஒருத்தரும் யோசிப்பதில்லை.

பிழைப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அது சின்னது. நார்ஸ்மேனில் பரிசுப் பணம் கிடையாது. சுமார் 250 பேர் இறங்குகிறார்கள், பெரும்பாலானவர்களுக்கு இடம் குலுக்கலில்தான் கிடைக்கிறது, முதலில் வருகிற 160 பேருக்கு மலை உச்சிக்குப் போகிற உரிமையும் ஒரு கறுப்பு டி-ஷர்ட்டும், மற்றவர்களுக்கு வெள்ளை டி-ஷர்ட். அவ்வளவுதான் சம்பளம். காசு புரள்வது வேறு பக்கம்: நீண்ட தூர ட்ரையத்லான்களை நடத்துகிற அயர்ன்மேன் நிறுவனம் தொழில்முறை வீரர்களுக்காக 2024-இல் ஆரம்பித்த ப்ரோ சீரிஸில் வருடக் கடைசி போனஸ் மட்டும் 17 லட்சம் டாலர், அதில் முதலிடத்துக்கு 2 லட்சம் டாலர். அதனால் தொழில்முறை வீரராக நினைத்தால் குளிர்ப் போட்டியை வருடத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், ஸ்பான்சரிடம் காட்டுவதற்கு நல்ல படங்கள் கிடைக்கும், மற்றபடி வாடகையை அது கட்டாது. ஆனால் குளிரைக் கையாளத் தெரிவது அந்தப் பணப் போட்டிகளிலும் உதவும், ஏனென்றால் எந்தப் போட்டியும் ஒரு நாள் காலையில் குளிர் போட்டியாக மாறிவிடலாம். 2013 செப்டம்பரில் அமெரிக்காவின் லேக் டாஹோ அயர்ன்மேனில் நடந்தது அதுதான். முந்தின நாள் பனி பெய்தது, போட்டி அன்று விடியற்காலையில் காற்று உறைநிலையில் நின்றது, ஏரித் தண்ணீரோ காற்றைவிடச் சூடாக இருந்து மேலே ஆவி பறந்தது. நீச்சலில் யாருக்கும் பெரிய பிரச்னை இல்லை. ஈர உடம்போடு வெளியே வந்த பிறகுதான் உடை மாற்றும் கூடாரத்தில் ஆட்கள் நடுங்கிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்துவிட்டார்கள்.

குளிர் ட்ரையத்லான் என்று பொதுவாகச் சொன்னாலும் அதில் ரகங்கள் உண்டு. உலக ட்ரையத்லான் சம்மேளனத்தின் விண்டர் ட்ரையத்லான் என்று ஒன்று இருக்கிறது, 1997-இலிருந்து உலகப் போட்டி நடக்கிறது, அதில் நீச்சலே கிடையாது. பனியில் ஓட்டம், பனியில் மவுண்டன் பைக், கடைசியில் கிராஸ் கண்ட்ரி ஸ்கீ. நமக்கு இது எட்டாக்கனி என்று சொல்லமாட்டேன், குடகிலிருந்து கிளம்பிய பவானி தெக்கடா நஞ்சுண்டா கிராஸ் கண்ட்ரி ஸ்கீயில் பதக்கம் வாங்கியிருக்கிறார், ரோட்டில் உருட்டிப் பழக ரோலர் ஸ்கீயும் இருக்கிறது. ஆனால் ஸ்கீ நுட்பம் கைவர வருடங்கள் ஆகும், நீச்சலில் நீங்கள் இவ்வளவு நாள் போட்ட உழைப்பு அங்கே செல்லாக்காசு. அதனால் அதை ஒதுக்கிவிட்டு நீங்கள் கேட்ட ரகத்துக்கே வருகிறேன்: குளிர்ந்த தண்ணீரில் நீந்தி, மலைமேல் சைக்கிள் ஓட்டி, மலைமேலேயே ஓடி முடிப்பது.

நார்ஸ்மேனின் அமைப்பைப் பாருங்கள். 2003-இல் ஆரம்பித்தது, ஆகஸ்ட் மாதத்தில் நடக்கும். எய்ட்ஃபியோர்ட் என்ற ஊரிலிருந்து கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், விடியற்காலை 5 மணிக்கு ஹார்டங்கர் கடற்கழியில் சுமார் 4 மீட்டர் உயரத்திலிருந்து குதிக்கச் சொல்வார்கள். தண்ணீர் 13 முதல் 15 டிகிரி பெரும்பாலும். 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், பிறகு முழு மாரத்தான், அதன் கடைசிப் பகுதி கௌஸ்டாடோப்பன் மலை ஏற்றம், முடிகிற இடம் கடல் மட்டத்திலிருந்து 1,850 மீட்டர். கப்பலிலேயே குழாய் வைத்துக் கடல் தண்ணீரைப் பீய்ச்சுவார்கள், வேண்டுமானவர்கள் அதில் நனைந்துகொள்ளலாம். வேடிக்கை மாதிரி தெரியும், ஆனால் அது ரொம்பப் புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஏன் என்று சொல்கிறேன்.

குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்ததும் முதல் ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு உங்கள் சொல்பேச்சு கேட்காது. வாய் தானாகத் திறந்து ஒரு பெரிய மூச்சை இழுக்கும், அப்புறம் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும், இதயத்துடிப்பு எகிறும். இதற்குக் குளிர் அதிர்ச்சி என்று பெயர். தலை தண்ணீருக்குள் இருக்கும்போது அந்த முதல் மூச்சு வந்தால் தண்ணீரைத்தான் இழுப்பீர்கள். அதோடு முகம் குளிர்ந்த தண்ணீரில் பட்டால் இதயத்தை மெதுவாக்கச் சொல்லி ஒரு நரம்புச் செய்தி போகும், உடம்பின் மற்ற தோலோ வேகமாக்கச் சொல்லும், இந்த இழுபறியில் இதயத்தின் தாளம் தப்பக்கூடும். பயமுறுத்தச் சொல்லவில்லை. அமெரிக்க ட்ரையத்லான்களில் 1985 முதல் 2016 வரை நடந்த மரணங்களையும் இதயம் திடீரென்று நின்றுபோன சம்பவங்களையும் ஒரு மருத்துவ ஆய்வு தொகுத்தது, மொத்தம் 135, அதில் 90 நீச்சலின்போது. எல்லாமே குளிரால் என்று அர்த்தம் இல்லை, ஆனால் நீச்சலுக்கு முன் ஒரு இதயப் பரிசோதனை, குறைந்தபட்சம் இசிஜியும் எக்கோவும், எடுத்துவிடுங்கள் என்று நான் எல்லாரிடமும் பிடிவாதமாகச் சொல்வதற்கு அது போதும்.

நல்ல செய்தி என்னவென்றால் இந்த அதிர்ச்சி சீக்கிரம் பழகக்கூடியது. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் மைக் டிப்டன் குழுவினர் காட்டியிருப்பது, மூன்று நிமிடம் வீதம் ஐந்தாறு தடவை குளிர்ந்த தண்ணீரில் இறங்கினாலே அந்த அதிர்ச்சி ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது, அந்தப் பழக்கம் மாதக்கணக்கில் நிற்கவும் செய்கிறது. ஆகவே உங்கள் சீனியர் சொல்வது பாதி சரி. இறங்கணும், ஆனால் தினம் இறங்க வேண்டியதில்லை, அரை மணி நேரம் உட்கார்ந்து பல்லைக் கடிக்க வேண்டியதும் இல்லை. எடைப் பயிற்சி முடித்த கையோடு தினம் ஐஸ் குளியல் போட்டால் தசை வளர்ச்சி மட்டுப்படும் என்றுகூட ஆய்வுகள் சொல்கின்றன. காசு கொடுத்து வாங்குகிற நஷ்டம் அது.

பெங்களூரில் 14 டிகிரித் தண்ணீருக்கு எங்கே போவது? நம் ஏரிகளில் இறங்குவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம், அல்சூர் ஏரியைத் தினம் பார்க்கிறவன் சொல்கிறேன். திறந்தவெளி நீச்சல் குளங்கள் டிசம்பர், ஜனவரி காலையில் நன்றாகவே குளிரும், ஆனால் அந்த அளவுக்கு இறங்காது. வழி மொட்டை மாடியில் இருக்கிறது. நெஞ்சுவரை தண்ணீர் நிற்கிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் தொட்டி, மீன் தொட்டிக்கு விற்கிற தெர்மாமீட்டர் ஒன்று, அப்புறம் சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் மீன்காரர்கள் வாங்குகிற ஐஸ் பார். 200 லிட்டர் தண்ணீரை 24 டிகிரியிலிருந்து 14-க்குக் கொண்டுவரக் கணக்குப்படி 21 கிலோ ஐஸ் வேண்டும், வழியில் உருகுவதையும் தொட்டி இழுத்துக்கொள்கிற குளிரையும் சேர்த்து 25 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கோணிப்பையில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்துவிடலாம். சீட்டு நனையும் என்று ஆட்டோக்காரர் முனகுவார், கீழே ஒரு தார்ப்பாய் விரித்துவிடுங்கள்.

இரண்டு வாரத்தில் ஆறு தடவை, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். இறங்கும் முன் முகத்திலும் கழுத்திலும் தண்ணீரை அடித்துக்கொள்ளுங்கள், அந்தக் கப்பல் குழாயின் வேலை அதுதான். இறங்கினதும் மூச்சை மெதுவாக வெளியே விடுவதில் மட்டும் கவனம், உள்ளே இழுப்பதை உடம்பு பார்த்துக்கொள்ளும். பக்கத்தில் ஒரு ஆள் கட்டாயம் நிற்க வேண்டும், தனியாக இறங்கவே கூடாது, அம்மா கீழே சமையலறையில் இருக்கிறார் என்பது கணக்கில் வராது.

இதைவிட மலிவாக, இதைவிட முக்கியமாக இன்னொரு பயிற்சி இருக்கிறது. ஒரு பக்கெட்டில் 10 டிகிரித் தண்ணீர் வைத்து இரண்டு கையையும் முழங்கை வரை பத்து நிமிடம் விட்டுவையுங்கள். வெளியே எடுத்ததும், துடைக்காமல், வரிசையாக இதையெல்லாம் செய்து பாருங்கள்: வெட்சூட்டின் (குளிருக்காக உடம்போடு ஒட்டிப் போடுகிற நியோப்ரீன் ரப்பர் நீச்சல் உடை) முதுகு ஜிப்பை இழுப்பது, ஹெல்மெட் பக்கிளை மாட்டுவது, ஈரக்காலில் சாக்ஸ் ஏற்றுவது, கையுறை போடுவது, ஓட்டத்தில் சாப்பிடுகிற மாவுச்சத்து ஜெல் பாக்கெட்டைக் கிழிப்பது. முதல் தடவை சிரிப்பு வரும், பக்கிளின் இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே இருக்கும், சேராது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளுகிற மாதிரி சேர்வதுதான் குளிரில் முதலில் போகிற வேலை. உடம்பு உள்ளுறுப்புகளைக் காப்பாற்றக் கைகால்களுக்குப் போகிற ரத்தத்தைச் சுருக்கிவிடுகிறது, விரல் நரம்புகள் மந்தமாகின்றன. விரல்கள் இதற்குப் பெரிதாகப் பழகிக்கொள்வதும் கிடையாது, அதனால் சாமான்களைத்தான் விரலுக்கு ஏற்றமாதிரி மாற்றணும்.

பக்கிள் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், ஹெல்மெட்டை மாட்டிப் பூட்டாமல் ஸ்டாண்டிலிருந்து சைக்கிளை எடுக்கக்கூடாது என்பது விதி, எடுத்தால் தண்டனை. எனக்குத் தெரிந்த நல்ல நீச்சல்காரர் ஒருவர், கரையேறும்போது முன்வரிசையில் இருந்தவர், அந்தப் பக்கிளோடு மல்லுக்கட்டி நிற்கையில் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக அவரைத் தாண்டிப் போனதைப் பார்த்தேன். உதவிக்கு வருகிறவர் மாட்டிவிடலாமா என்பது போட்டிக்குப் போட்டி மாறும், முன்னாலேயே கேட்டுவையுங்கள். காந்தப் பக்கிள் வைத்த ஹெல்மெட் வாங்குங்கள், உள்ளங்கையால் தள்ளினாலே பூட்டிக்கொள்ளும். எல்லா ஜிப்பிலும் முஷ்டியால் பிடித்து இழுக்கிற அளவுக்கு ஒரு கயிற்று வளையம் கட்டுங்கள். கையுறை ஒரு சைஸ் பெரிதாக, ஐந்து விரல் தனித்தனியாக இல்லாமல் சேர்ந்திருக்கிற ரகமாக இருக்கட்டும், ஈரக்கையில் ஐந்து விரல் கையுறை போடுவதற்குள் விடிந்துவிடும். போடும் முன் துண்டால் கையைத் துடைப்பதற்கு ஆகிற பத்து விநாடியை மிச்சம் பிடிக்காதீர்கள். கை சூடாக்கும் பொட்டலம் வைத்திருந்தால் அதை முன்னாலேயே பிரித்துக் கையுறைக்குள் போட்டுவைக்கணும், காற்றுப் பட்டுச் சூடாக அதற்கும் நேரம் வேண்டும்.

வெட்சூட் பற்றி இரண்டு வார்த்தை. நம் ஊர் வீரர்களுக்கு இதுதான் பெரிய ஓட்டை, கோவாக் கடலில் அது தேவையே இல்லை என்பதால் பலர் வாங்கி மடித்து வைத்திருக்கிறார்கள். உலக சம்மேளன விதிப்படி தண்ணீர் 15.9 டிகிரிக்குக் கீழே போனால் எலைட் (முதல்தர) வீரருக்கும் அது கட்டாயம், 12-க்குக் கீழே போனால் நீச்சலே கிடையாது, தடிமன் 5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. கையுறை போட்டு நீந்த பெரும்பாலும் அனுமதி இல்லை. தலைக்கு நியோப்ரீன் தொப்பி, காலுக்கு நியோப்ரீன் சாக்ஸ் ஆகியவற்றில் போட்டிக்குப் போட்டி வித்தியாசம் உண்டு, அந்தந்த வருடத்து விதிப் புத்தகத்தைப் படியுங்கள், பழைய யூடியூப் வீடியோவை நம்பாதீர்கள். குளத்தில் வெட்சூட்டோடு நீந்த அனுமதி வாங்கி, விடியற்காலையில் சின்னச் சின்ன செட்டாகப் போடுங்கள், தொடர்ந்து நீந்தினால் வெந்துவிடுவீர்கள். தோள் எப்படி இழுக்கிறது, கழுத்து எப்படி உரசுகிறது என்று தெரிந்தால் போதும்.

இனி அந்த அரை மணி நேரம். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டைக் கடத்துகிறது. ஒரு மணி நேரம் நீந்திவிட்டு வெளியே வரும்போது நடு உடம்பு ஓரளவு சூடாகத்தான் இருக்கும், கைகால்தான் ஜில்லென்று இருக்கும். எழுந்து ஓட ஆரம்பித்ததும் அந்தக் குளிர்ந்த ரத்தம் உள்ளே திரும்பிப் பாய்கிறது, அதனால் கரையேறிப் பத்து இருபது நிமிடம் கழித்தும் உடம்பின் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே போகும். "தண்ணீரில் நல்லாத்தான் இருந்தேன், சைக்கிளில் ஏறின பிறகுதான் நடுக்கம் எடுத்துச்சு" என்று முதல் தடவை போனவர்கள் எல்லாரும் சொல்வார்கள். தொழில்முறை வீரருக்கு இது இன்னும் மோசம், உடம்பில் கொழுப்பே இல்லை, போர்த்திக்கொள்ள ஒன்றும் கிடையாது. வார இறுதியில் வருகிற கொஞ்சம் தொப்பை வைத்த அண்ணன்கள் தண்ணீரிலிருந்து சிரித்துக்கொண்டு வருவதை எய்ட்ஃபியோர்டில் பார்க்கலாம்.

நார்ஸ்மேனில் ஒரு கொடுப்பினை உண்டு: சைக்கிள் ஆரம்பமே ஏற்றம். கடல் மட்டத்திலிருந்து மேலே பீடபூமியில் இருக்கிற டைரானுட் வரை சுமார் 1,250 மீட்டர் ஏறணும். ஏற்றத்தில் நீங்கள் 250 வாட் மிதித்தால், உடம்பு எரிக்கிற சக்தியில் கால்வாசிக்கும் கீழேதான் மிதியில் சேர்கிறது என்பதால், மிச்சம் 800 வாட்டுக்குமேல் சூடாக வெளியே வருகிறது. அதே ஆள் இறக்கத்தில் மிதிக்காமல் உட்கார்ந்திருந்தால் 100 வாட் சுற்றித்தான். எதிர்க்காற்றோ மணிக்கு 60 கிலோமீட்டர். 10 டிகிரிக் காற்று அந்த வேகத்தில் தோலுக்கு 5 டிகிரி மாதிரிப் படும், அதுவும் உலர்ந்த தோலுக்கான கணக்கு, நனைந்த ஜெர்ஸியோடு என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் முதல் ஏற்றத்தில் கோட் மேல் கோட் போட்டு வியர்த்து நனைந்துவிட்டு, மேலே பீடபூமியில் காற்றில் மாட்டிக்கொள்வதுதான் வழக்கமாக நடப்பது. ஏற்றத்தில் ஜிப்பைத் திறந்துவிட்டுப் போங்கள், உச்சிக்கு முன்னால் நின்று மூடுங்கள். ஒரு நிமிடம் போகும், போகட்டும்.

சைக்கிள் பந்தயத்தில் இதற்குப் பெரிய உதாரணம் 1988 ஜூன் 5, இத்தாலிச் சுற்றுப் பந்தயம், கவியா கணவாயில் பனிப்புயல். யோஹான் வான் டெர் வெல்டே என்ற டச்சு வீரர் அரைக்கை ஜெர்ஸியோடு உச்சியை முதல் ஆளாகத் தாண்டினார். இறக்கத்தில் உறைந்துபோய், அந்தக் கட்டத்தை முடிக்கும்போது முக்கால் மணி நேரத்துக்கும்மேல் பின்தங்கியிருந்தார். ஆண்டி ஹாம்ப்ஸ்டன் என்ற அமெரிக்க வீரரின் அணிக்காரர்கள் அன்று காலையிலேயே ஸ்கீ கடைகளில் புகுந்து குளிர்க் கையுறையும் தொப்பியும் வாங்கி உச்சியருகே சூடான டீயோடு காத்திருந்தார்கள். அவர் அன்று மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் போடுகிற தலைமை ஜெர்ஸியைப் பிடித்தார், கடைசியில் பந்தயத்தையும் வென்றார். கால் பலத்தில் இருவருக்கும் அன்று பெரிய வித்தியாசம் இல்லை. பழைய ஐரோப்பியர்கள் இறக்கத்துக்கு முன் ஜெர்ஸிக்குள் செய்தித்தாளைத் திணித்துக்கொள்வார்கள், இன்றைக்கும் அதை மிஞ்சின மலிவான காற்றுத் தடுப்பு இல்லை. தினத்தந்தி நாலு பக்கம் மடித்தால் நெஞ்சுக்கு அளவாக இருக்கும்.

பயிற்சிக்கு நந்தி மலை போதுமா என்றால் ஓரளவு போதும். டிசம்பர், ஜனவரியில் கேட் திறந்ததும் மேலே ஏறி, மஞ்சு மூட்டத்தில் நின்று, ஜெர்ஸியில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு இறங்குங்கள். பிரேக் பிடிக்கிற விரல் எத்தனையாவது வளைவில் மரத்துப்போகிறது என்று தெரியவரும். ஆனால் இறக்கம் சின்னது, அடிவாரத்தில் டீக்கடை இருக்கிறது. ஜனவரியில் ஊட்டிக்குப் போவதுதான் சரி, 2,200 மீட்டருக்கு மேலே, விடியற்காலையில் புல்லில் உறைபனி நிற்கும், ஊட்டியிலிருந்து குன்னூர், அங்கிருந்து மேட்டுப்பாளையம் வரை உருப்படியான இறக்கம் கிடைக்கும். சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு போங்கள், பந்திப்பூர் வழி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், அதைக் கணக்கில் வையுங்கள். டெல்லியில் குளிர் இதைவிட நன்றாகக் கிடைக்குமே என்று ஒரு நண்பர் கேட்டார். கிடைக்கும், கூடவே அந்தப் புகையும் கிடைக்கும், அதில் மூச்சு வாங்க மிதிப்பதற்குப் பேசாமல் வீட்டில், நின்ற இடத்திலேயே மிதிக்கிற ட்ரெய்னரில் உட்காரலாம்.

சாப்பாட்டில் ஒரே மாற்றம்தான். நடுக்கம் என்பது தசை வேலை, அது மாவுச்சத்தை எரிக்கிறது. தாகமோ எடுக்காது, சிறுநீர் மட்டும் அடிக்கடி வரும். அதனால் மணிக்கு 90 கிராம் மாவுச்சத்து என்று பழகியிருந்தால் குளிரில் அதைக் குறைக்கவே கூடாது, பசி இல்லை என்று விட்டால் மூன்றாவது மணி நேரத்தில் தெரியும். குளிரில் ஜெல் கெட்டியாகிவிடும், பாட்டிலில் கரைத்து வைத்துக்கொள்வது நல்லது. உதவியாளின் பிளாஸ்க்கில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட டீயோ உப்புப் போட்ட ரசமோ இருந்தால் போதும். ரசத்தைக் குடித்துப் பார்த்துவிட்டு நார்வேக்காரர் ஒருவர் என்ன மருந்து இது என்று கேட்டார்.

மருந்து என்றதும் ஞாபகம் வருகிறது, இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பெங்களூர்த் தூசியிலும் மகரந்தத்திலும் நம்மில் பலருக்கு ஏற்கனவே இழுப்பு இருக்கிறது, குளிர்ந்த வறண்ட காற்றில் அது அதிகமாகும். எலைட் லைசென்ஸ் வாங்கினால் ஊக்கமருந்துப் பரிசோதனைக்கு நீங்கள் ஆள். சால்புட்டமால் இன்ஹேலருக்கு ஒரு வரம்புக்குள் அனுமதி உண்டு, 24 மணி நேரத்தில் 1,600 மைக்ரோகிராம், எந்த 8 மணி நேரத்திலும் 600-ஐத் தாண்டாமல். ஆனால் டெர்புட்டலின் என்ற மருந்து விளையாட்டில் தடை செய்யப்பட்டது, நம் ஊர் மருந்துக் கடையில் இருமலுக்குக் கேட்டால் எடுத்துக் கொடுக்கிற சிரப் பலவற்றில் அது இருக்கும். சளி மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் இருக்கலாம், போட்டி நாளில் அளவைத் தாண்டினால் அதுவும் சிக்கல். எதை வாங்கினாலும் பின்பக்கச் சின்ன எழுத்தைப் படியுங்கள். விளையாட்டு மருத்துவரிடம் காட்டி, தேவைப்பட்டால் முன்கூட்டியே விலக்கு அனுமதிக்கு விண்ணப்பியுங்கள்.

போட்டிக்கு எட்டு பத்து நாள் முன்னால் அங்கே போய்ச் சேர்வது நல்லது. தினம் ஒரு தடவை கழியில் இறங்குங்கள், முதல் நாள் ஐந்து நிமிடம், அப்புறம் கூட்டிக்கொண்டே போகலாம், நீந்தியதும் நேரே சைக்கிளில் ஏறி அந்த முதல் ஏற்றத்தைப் போட்டு வாருங்கள். சூடான அறையில் டயருக்குக் காற்றடித்துவிட்டு வெளியே குளிரில் வைத்தால் அழுத்தம் இறங்கும், போட்டி அன்று காலையில் திரும்பப் பாருங்கள். விசா, சைக்கிள் பெட்டிக்கு விமானக் கட்டணம், நார்வேயின் ஹோட்டல் விலை இதெல்லாம் தனி வயிற்றெரிச்சல், இங்கே எழுதவில்லை.

கடைசியாக மச்சான். நார்ஸ்மேனில் உதவி நிலையங்களை நம்பிப் போக முடியாது, உங்கள் சாப்பாடு, உடை எல்லாம் உங்கள் ஆள் காரில் கொண்டுவரணும். அதனால் மச்சான் ஆசைப்படுகிறார் என்பது மட்டும் போதாது. அவருக்குச் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வேண்டும், நம் ஆர்.டி.ஓ-விலேயே வாங்கலாம், அங்கே வலப்பக்கம் ஓட்டணும். ஹார்டங்கர் பாலத்தின் இரண்டு முனையிலும் சுரங்கப் பாதைக்குள்ளேயே ரவுண்டானா இருக்கிறது, முதல் தடவை போகிறவர்களுக்குத் திக்கென்று இருக்கும், ஒரு நாள் முன்னாலேயே ஓட்டிப் பார்த்துவிடட்டும். மலையேறும் கடைசிப் பகுதியில் உதவியாள் உங்களோடு கூடவே ஏறி வரணும், ஐந்து கிலோமீட்டர் கிட்ட வெறும் பாறைக்கற்கள், முதுகில் பை. நான்கு மாதம் முன்னாலிருந்தே ஞாயிற்றுக்கிழமைகளில் அவரை சிவகங்கே மலைக்கு இழுத்துப் போங்கள்.

இதைவிட முக்கியம், உங்களை நிறுத்தச் சொல்கிற தைரியம் அவருக்கு வேண்டும். நாக்கு குழறுகிறது, நேராக நடக்க வரவில்லை, இவ்வளவு நேரம் நடுங்கிக்கொண்டிருந்த உடம்பு சூடாகாமலே நடுக்கத்தை நிறுத்திவிட்டது, இதில் எது தெரிந்தாலும் உங்கள் பேச்சைக் கேட்காமல் காரில் ஏற்ற வேண்டும். ஈரத்தைக் கழற்றி, படுக்கவைத்து, போர்த்தி, விழுங்க முடிந்தால் இனிப்பான சூடான பானம் கொடுத்து, மருத்துவக் குழுவைக் கூப்பிடணும், நேரே வெந்நீர் ஷவருக்குள் தள்ளக்கூடாது. அக்கா வீட்டுக்காரர் என்ற மரியாதையில் நீங்கள் அவர் பேச்சைக் கேட்பீர்கள் என்றால் அவரையே அழைத்துப் போங்கள். வயதில் சின்னவர், நீங்கள் அதட்டினால் அடங்கிவிடுவார் என்றால் வேறு ஆளைப் பாருங்கள், அவரைப் படம் எடுக்க வைத்துக்கொள்ளலாம்.